மழையில் செஞ்சி

செஞ்சிக்கோட்டைக்குப் போகிறவர்கள் பெரும்பாலும் வெயில் ஏறுவதற்குள் ராஜகிரி உச்சியைத் தொட்டுவிட வேண்டும் என்ற அவசரத்தில் இருக்கிறார்கள். சுமார் 800 அடி உயரம். பாதிப் படியிலேயே மூச்சு வாங்கும். மேலே நின்று படம் எடுத்துக்கொண்டு இறங்கினால் கோட்டையைப் பார்த்தாயிற்று என்று கணக்கு. ஆனால் இந்தக் கோட்டையில் மனிதர்கள் எப்படித் தாக்குப்பிடித்தார்கள் என்பது ஐப்பசி, கார்த்திகை மழையில் அடிவாரத்தைச் சுற்றும்போதுதான் நன்றாக விளங்குகிறது.

ஓர் அக்காவுக்கும் தம்பிக்கும் அப்படி ஒரு நாள் வாய்த்தது. திண்டிவனத்தில் பஸ் ஏறும்போது தூறல். செஞ்சியில் இறங்கும்போது அடைமழை. "மேல ஏறாதீங்க, பாறை வழுக்கும்" என்று சொல்லிவிட்டார் வாசலில் இருந்தவர். தம்பிக்கு முகம் வாடிவிட்டது. உச்சிக்குச் சற்று முன்னால் சுமார் 24 அடி அகலத்தில், 60 அடி ஆழத்தில் பாறை பிளந்து கிடக்கிறது. பாலத்தை எடுத்துவிட்டால் எதிரி அப்படியே நிற்க வேண்டியதுதான். அதைப் பார்க்கத்தான் அவன் வந்திருந்தான்.

"விடுடா, கீழ இருக்கிறதைப் பார்க்கவே இன்னைக்குப் பொழுது போதாது" என்று அக்கா நடக்கத் தொடங்கினாள்.

முதலில் கல்யாண மகால். நடுமுற்றம், சுற்றிலும் சிறு அறைகள், மையத்தில் அடுக்கடுக்காக எழும் சதுரக் கோபுரம், அதன்மேல் கூம்பிய கூரை. இதன் மேல்தளங்களுக்குச் சுடுமண் குழாய் வழியாகத் தண்ணீர் போயிருக்கிறது. நனைந்த சுவரோரமாக அக்கா அண்ணாந்து பார்த்தபடி நின்றாள். "மோட்டார் இல்லாம எப்படிக்கா ஏறும்?" என்றான் தம்பி. அவள் மலைப்பக்கம் கை காட்டினாள். தண்ணீர் தேங்கும் இடம் மகாலைவிட உயரத்தில் இருந்தால், குழாயில் தானாக ஏறிவிடும்.

அருகிலேயே ஆனைக்குளம். வழுவழுப்பான கருங்கல் படிகளில் மழைத்துளி தெறித்துக்கொண்டிருந்தது. மலைச்சரிவில் இறங்கும் நீர் பாறை இடுக்குகளில் வெள்ளைக் கோடுகளாக ஓடியது. கோட்டைக்குள் சக்கரக்குளம், செட்டிகுளம் என்று இன்னும் நீர்நிலைகள் உண்டு. மலை மேலும் சுனைகள் உண்டு. வளைவுக் கூரையிட்ட நெற்களஞ்சியத்துக்குள் இருவரும் ஒதுங்கினார்கள். வெளியே அவ்வளவு மழை. உள்ளே தரை காய்ந்து கிடந்தது.

தண்ணீரும் நெல்லும் கைவசம் இருந்தால் முற்றுகையைத் தாங்கலாம். சத்திரபதி சிவாஜி 1677இல் செஞ்சியைப் பிடித்துப் பலப்படுத்தினார். பின்னாளில் அவர் மகன் ராஜாராமுக்கு அதுவே அடைக்கலமானது. 1690இல் ஔரங்கசீப்பின் தளபதி ஜுல்பிகார் கான் முற்றுகையிட்டார். கோட்டை விழுந்தது 1698இல். அவர் வேண்டுமென்றே இழுத்தடித்தார் என்ற பேச்சு அன்றே இருந்தது. ஆனால் ராஜகிரி, கிருஷ்ணகிரி, சந்திரகிரி என மூன்று மலைகளை இணைத்துச் சுமார் 13 கிலோமீட்டருக்கு ஓடும் மதிலை முழுவதுமாக அடைப்பதும் லேசான காரியமல்ல. மொகலாயப் படையோடு இருந்த பீம்சேன் தன் நினைவுக் குறிப்புகளில், கொட்டித் தீர்த்த மழையையும் தானிய விலையேற்றத்தையும் எழுதியிருக்கிறார். உள்ளே இருந்தவர்களின் குளங்களை நிரப்பிய அதே மழை, வெளியே பதுங்குகுழிகளில் கிடந்தவர்களை வாட்டியது. கடைசியில் கோட்டை கைக்கு வந்தபோது ராஜாராம் தப்பிப் போயிருந்தார்.

அதற்குப் பிறகு வந்தவர்தான் கதைப்பாடல்களில் வாழும் ராஜா தேசிங்கு. ஆற்காட்டு நவாபின் படையோடு மோதி 1714இல் இளம் வயதிலேயே மாண்டார். அவர் உடல் எரியூட்டப்பட்டதாகச் சொல்லப்படும் இடம் செட்டிகுளக் கரையில்தான். மழை சற்று விட்டபோது இருவரும் அங்கே நெடுநேரம் நின்றார்கள். சிறுவயதில் தேசிங்கு பாடலில் கேட்ட நீலவேணிக் குதிரையின் கதையைத் தம்பி தானாகவே சொல்ல ஆரம்பித்தான். உச்சியைப் பற்றி அதற்குமேல் அவன் பேசவில்லை.

2025இல் மராத்தியர்களின் 12 கோட்டைகள் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தன. பதினொன்று மகாராஷ்டிரத்தில், மீதி ஒன்று செஞ்சி. இனி கூட்டம் கூடும், கூட வேண்டும். வருகிறவர்கள் உச்சிக்கு ஏறுமுன் ஒரு மணி நேரமாவது குளக்கரைகளில் நடந்து பாருங்கள். தண்ணீர் பாட்டிலை அந்தக் குளங்களில் மட்டும் எறிந்துவிடாதீர்கள்.