இலையில் ஊறும் தேன்: மார்த்தாண்டத்துத் தேனீத் தொழில்

கன்னியாகுமரி மாவட்டத்தின் மேற்குப் பகுதியில், விளவங்கோடு, கல்குளம் வட்டங்களில், தேன் பூவிலிருந்து வருவதைவிட இலையிலிருந்தே அதிகம் வருகிறது. ரப்பர் மரம் டிசம்பர், ஜனவரியில் இலை உதிர்த்து, பிப்ரவரியில் செம்பு நிறத்தில் தளிர்விடும். மூன்று சிற்றிலைகளும் காம்போடு சேரும் இடத்தில் சிறு சுரப்பிகள் இருக்கின்றன. தளிர் செம்பு மாறி இளம்பச்சையாகும் நாட்களில் அவற்றில் இனிப்பு நீர் ஊறுகிறது. காலையில் ஒரு கிளையை வளைத்துப் பார்த்தால் காம்பு நுனியில் அந்தத் துளி மினுங்குவது தெரியும். இலை முற்றியதும் சுரப்பு நின்றுவிடும். பிப்ரவரி முதல் ஏப்ரல் வரை, சுமார் பத்து வாரம். மார்த்தாண்டத்தில் தேனீ வளர்ப்பை முழுநேரத் தொழிலாகச் செய்பவர்களின் ஆண்டு வருமானத்தில் பெரும்பங்கு இந்தப் பத்து வாரத்தில்தான் தீர்மானமாகிறது. ஆனால் தொழில் நிலைப்பதும் நொடிப்பதும் தேன் வராத மற்ற மாதங்களில்.

இங்கே இந்தத் தொழில் ஊன்றியதற்கு ஒரு நூற்றாண்டு வரலாறு உண்டு. அடுக்கடுக்காக அடை கட்டும் இந்தியத் தேனீ மரப்பொந்திலும் சுவர் இடுக்கிலும் வாழ்வது. அதைப் பெட்டிக்குப் பழக்க ஏற்ற சிறிய பெட்டியைத் தென்னிந்தியாவில் 1910-களில் வடிவமைத்தவர் நியூட்டன் பாதிரியார். மேலைநாட்டுப் பெட்டி இந்தியத் தேனீயைவிடப் பெரிய தேனீக்கும் பெரிய கூட்டத்துக்கும் ஆனது. இந்தியத் தேனீயின் கூட்டம் அதை நிரப்பாது. 1920-களில் மார்த்தாண்டத்தில் ஒய்.எம்.சி.ஏ. அமைத்த ஊரகச் செயல்விளக்க மையம், ஸ்பென்சர் ஹேட்ச் தலைமையில், கோழி வளர்ப்பு, பனைவெல்லம் ஆகியவற்றோடு தேனீ வளர்ப்பையும் ஏழைக் குடும்பங்களுக்குக் கற்றுக்கொடுத்தது. அப்போது இப்பகுதி திருவிதாங்கூர் சமஸ்தானத்தில் இருந்தது. 1956-இல் சென்னை மாநிலத்தோடு (இன்றைய தமிழ்நாடு) சேர்ந்த பிறகும் வேலை தொடர்ந்தது. 2023-இல் மார்த்தாண்டம் தேனுக்குப் புவிசார் குறியீடு கிடைத்தது.

மண்ணும் தோட்டமும் தொழிலுக்குத் துணை நின்றன. ரப்பர் இனிப்பு நீரை மட்டுமே தரும். இலைச் சுரப்பியில் மகரந்தம் கிடையாது. மகரந்தம் இல்லாமல் புழு வளராது, புழு வளராமல் கூட்டம் பெருகாது. மார்த்தாண்டம் வட்டாரத்தில் ரப்பருக்கு அருகிலேயே வீட்டுத் தோட்டங்களில் தென்னை நிற்கிறது. தென்னை ஆண்டு முழுவதும் பாளை விரித்து மகரந்தம் கொடுக்கும். வெறும் ரப்பர் மட்டும் நூற்றுக்கணக்கான ஏக்கரில் விரிந்து கிடந்தால், தேன் காலம் முடிந்ததும் பெட்டிகளை வைத்துக்கொள்ள அங்கே வழியில்லை. இரண்டும் கலந்து கிடக்கும் நிலம்தான் இந்தத் தொழிலின் முதல் மூலதனம்.

பெட்டி என்பது அடிப்பலகை, அதன்மேல் புழு அறை, அதன்மேல் தேன் அறை, கூரை என்று அடுக்காக இருக்கும். உள்ளே தொங்கும் மரச்சட்டங்களில் தேனீ அடை கட்டுகிறது. சட்டத்துக்கும் சட்டத்துக்கும் இடையே தேனீ நடமாட மட்டும் இடம் விட வேண்டும். அது ஒரு சென்டிமீட்டருக்கும் குறைவு. இடைவெளி கூடினால் குறுக்கே அடை கட்டிவிடும், குறைந்தால் போக்குவரத்து அடைபடும். 1851-இல் அமெரிக்காவில் லாங்ஸ்ட்ராத் இந்த இடைவெளியின் பயனைக் கண்டறிந்த பிறகுதான் அடையைச் சிதைக்காமல் சட்டத்தைத் தூக்கிப் பார்க்கும் வசதி வந்தது. அளவு தவறிச் செய்த மலிவான பெட்டியை வாங்கியவர் ஒவ்வொரு முறை திறக்கும்போதும் அடையைக் கிழிக்க நேரும். புதிதாக வருபவர் பணத்தை மிச்சம் பிடிக்கக் கூடாத இடம் தச்சர் பட்டறை.

இருபது பெட்டி வரை வைத்திருப்பவருக்குத் தேன் ஓர் உபரி வருமானம். காலையில் ரப்பர் பால் வெட்டிவிட்டு வந்து, மாலையில் பெட்டியைக் கவனித்துக்கொள்ளலாம். நூறைத் தொடும்போது கணக்கு மாறுகிறது. ஒரு பெட்டியைத் திறந்து சட்டங்களைப் பார்த்து, அடிப்பலகையைச் சுரண்டித் துடைத்து மூட ஆறேழு நிமிடமாவது பிடிக்கும். வாரம் ஒருமுறை நூறு பெட்டியையும் பார்ப்பதென்றால் அதுவே பத்துப் பதினோரு மணி நேரம். தீனி குறைந்த மாதங்களில் நூறு பெட்டியை ஒரே இடத்தில் வைக்கவும் முடியாது; நாலைந்து தோட்டங்களில் பிரித்து வைத்து, ஒவ்வொன்றுக்கும் சென்று வர வேண்டும். ரப்பர் கைகொடுத்த ஆண்டில் ஒரு பெட்டி பத்து கிலோவைத் தாண்டித் தரும். நூறு பெட்டிக்கு ஒரு டன். அந்த ஒரு டன்னுக்குள்தான் சர்க்கரை, லாரி வாடகை, உடைந்த பெட்டி, உதவியாளின் கூலி, குடும்பச் செலவு எல்லாம் அடங்க வேண்டும். ஆகவே இரண்டு மூன்று பெட்டியில் தொடங்கி, ஆண்டுக்கு ஆண்டு சொந்தமாகப் பிரித்துப் பெருக்கியவர்களே பெரும்பாலும் நிலைக்கிறார்கள். கடன் வாங்கி ஒரே ஆண்டில் நூறு பெட்டி வாங்கியவருக்கு முதல் மழைக்காலம் கடுமையான பரீட்சை.

தேனீக்காரரின் ஆண்டு ஜூனில் தொடங்குகிறது என்று சொல்லலாம். தென்மேற்குப் பருவமழை இறங்கியதும் தேனீ வெளியே போக முடியாது. போனாலும் கிடைப்பது கொஞ்சம். இந்தப் பஞ்சம் செப்டம்பர் வரை நீளும். சர்க்கரையும் தண்ணீரும் சம அளவில் கலந்து காய்ச்சிய பாகை ஆறவைத்து, சிரட்டையில் ஊற்றி, வாரம் ஒருமுறை பெட்டிக்குள் வைக்கிறார்கள். தேனீ விழுந்து மூழ்காமலிருக்க நாலைந்து வைக்கோல் துண்டோ ஈர்க்குச்சியோ அதில் மிதக்கும். அவற்றின்மேல் வரிசையாக நின்று தேனீக்கள் குடிக்கும். பாகு மாலையில்தான் வைக்கப்படுகிறது. பகலில் வைத்தால் வாசனை பிடித்துப் பலமான கூட்டம் பலவீனமான கூட்டத்தைக் கொள்ளையடிக்கும். வாசலில் நடக்கும் சண்டையில் செத்து விழும் தேனீயைக் கூட்டித்தான் அள்ள வேண்டும்.

இதே மாதங்களில்தான் எதிரிகளும் நெருங்குகின்றன. பெட்டியைத் தாங்கும் காலின் அடியில் தண்ணீர்க் கிண்ணம் வைப்பது எறும்புக்காக. ஒரு காய்ந்த இலை கிண்ணத்தில் குறுக்கே விழுந்தால் அதுவே எறும்புக்குப் பாலமாகிவிடும் என்பதால், தோட்டத்துக்குள் நுழைந்ததும் அனுபவசாலியின் கண் முதலில் கிண்ணத்துக்குத்தான் போகும். மெழுகுப் பூச்சியின் புழு, தேனீக் கூட்டம் மூடாமல் விட்ட அடையில் சுரங்கம் தோண்டி நூலாம்படை கட்டும். இதற்கு மருந்து தேடுவதைவிட, கூட்டத்தின் பலத்துக்கு மிஞ்சிய அடைகளை எடுத்துவிடுவதே வழி. இந்தியத் தேனீ பொறுமையிழந்தால் கூட்டை அப்படியே விட்டு ஓடிவிடும். பசி, எறும்பு, மெழுகுப் பூச்சி, அடிக்கடி திறந்து தொந்தரவு செய்யும் கை என்று எதுவும் காரணமாகலாம். காலியான பெட்டியைத் திறந்து பார்ப்பவரின் முகத்தைப் பார்த்தவர்களுக்கு இந்தச் சிரட்டைப் பாகின் அருமை புரியும்.

இவை எல்லாவற்றையும் மீறிய அடி 1991–92-இல் விழுந்தது. தாய்லாந்துப் பைப்புழு நோய் என்னும் வைரஸ் தென்னிந்தியாவெங்கும் பரவி, இந்தியத் தேனீக் கூட்டங்களில் பத்தில் ஒன்பதுக்கு மேல் அழித்தது. நோய் பிடித்த புழு கூட்டுப்புழுவாகும் முன் இறந்து, தலை மேல்நோக்கி நிமிர்ந்து படகுபோல் வளைந்து கிடக்கும். ஊசியால் தூக்கினால் நீர் நிறைந்த சிறு பைபோல் தொங்கும். அதற்கு மருந்து இல்லை. பலர் தொழிலை விட்டுப் போனார்கள். தப்பிப் பிழைத்த சில கூட்டங்களைத் தேடிப் பிடித்து, அவற்றிலிருந்தே மறுபடி பிரித்துப் பெருக்கியவர்களால்தான் இன்று இத்தனை பெட்டிகள் நிற்கின்றன. அந்த அனுபவத்தால் இன்றும் தேர்ந்த தேனீக்காரர் அதிகத் தேன் தரும் கூட்டத்தைவிட நோய் அண்டாத கூட்டத்திலிருந்து ராணி எடுப்பதையே விரும்புகிறார். அது சரியான தேர்வு.

அக்டோபரில் பூக்கள் திரும்புகின்றன. ராணி முட்டையிடும் வேகம் கூடும். ராணியைக் கண்ணால் காண வேண்டிய அவசியமில்லை. சட்டத்தை வெயிலுக்குச் சாய்த்துப் பிடித்தால் அறையின் அடியில் ஊசிமுனை வெண்கோடாக முட்டை நிற்பது தெரியும். அது தெரிந்தால் ராணி இருக்கிறது. கூட்டம் நிறைந்து, அடையின் கீழ் விளிம்பில் நிலக்கடலை போல ராணி அறைகள் தொங்கத் தொடங்கும்போது அதை இரண்டாகப் பிரிக்கிறார்கள். பழைய ராணியோடு பாதிச் சட்டங்கள் புதுப் பெட்டிக்குப் போகின்றன. ராணி அறை உள்ள மறுபாதி பழைய இடத்தில் நின்று புது ராணியை உருவாக்கும்.

இங்கே நாட்கணக்கு முக்கியம். முட்டையிலிருந்து ராணி வெளிவரப் பதினைந்து பதினாறு நாள். அது பறந்து கருவுற்று முட்டையிடத் தொடங்க மேலும் பத்து நாளாவது ஆகும். முதல் முட்டை வேலைக்காரத் தேனீயாக வெளிவர ஏறத்தாழ இருபது நாள். அந்தத் தேனீ கூட்டுவேலை முடித்து வயலுக்குப் போக இன்னும் இரண்டு மூன்று வாரம். ஆக, பிரித்த நாளிலிருந்து புது ராணியின் பிள்ளைகள் தேன் கொண்டுவர இரண்டு மாதம் ஆகிறது. அக்டோபர், நவம்பரில் பிரித்த பெட்டி பிப்ரவரிக்குத் தயாராகும். டிசம்பர் கடைசியில் பிரித்த பெட்டி தன்னைக் காப்பாற்றிக்கொள்ளும். தேன் அறையை நிரப்பாது. முழுநேரத் தொழிலுக்கு வந்தவரைப் பகுதிநேரக்காரரிடமிருந்து பிரித்துக் காட்டுவது இந்த இரண்டு மாத வேலைதான். கூட்டத்தோடு பெட்டியை விற்கும் வருமானமும் இப்போதே வருகிறது. சிலருக்குத் தேனைவிட இதில் கிடைக்கும் பணம் நம்பகமானது. ஏனென்றால் பிப்ரவரி மழையைப் பற்றி யாரும் உறுதி சொல்ல முடியாது.

ஜனவரியில் பெட்டிகள் பயணப்படுகின்றன. உள்ளூர் ரப்பர் போதாதவர்கள் எல்லை தாண்டிக் கேரளத்தின் ரப்பர் தோட்டங்களுக்கு லாரியில் கொண்டுபோகிறார்கள். இருட்டிய பின், வெளியே போன தேனீயெல்லாம் கூடு திரும்பியதும் வாசலை அடைத்து, சட்டம் ஆடாமல் பெட்டியைக் கட்டி, விடிவதற்குள் இறக்கிவிட வேண்டும். மூத்தவர் ஏற்றி இறக்கும் இளைஞர்களிடம் திரும்பத் திரும்பச் சொல்வது, “மக்களே, பைய, பைய” என்பதுதான். ஒரு குலுக்கலில் அடை அறுந்து விழுந்தால் ராணி நசுங்கிவிடும்.

தேன் காலத்தில் அதிகாலையிலேயே தோட்டம் இரையும். வேலை நடக்கும் முறை எளிது. தேங்காய் நாரைப் புகைமூட்டியில் பற்றவைத்து வாசலில் இரண்டு மூன்று ஊது. மேலறையின் சட்டத்தை உருவி, ஒட்டியிருக்கும் தேனீக்களை ஒரே உதறலில் பெட்டிக்குள் விட்டு, மெழுகு மூடியைக் கத்தியால் சீவி, கையால் சுற்றும் டிரம்மில் நான்கு சட்டங்களாக வைத்துச் சுழற்றுகிறார்கள். தேன் டிரம்மின் சுவரில் மழைத்தூறல் மாதிரி சடசடவென்று அடித்து வழியும். காலியான அடை அப்படியே திரும்பப் போகிறது. அடை கட்டும் மெழுகுக்குத் தேனீ செலவழிக்கும் தேன் மிச்சமாவதால், எட்டுப் பத்து நாளில் அதே அடை மறுபடி நிரம்பும். புழு அறையில் இருக்கும் தேனைத் தொடுவதில்லை.

அவசரம் இந்தக் கட்டத்தில்தான் கெடுக்கிறது. தேனீ இறகால் விசிறி நீரை வற்றவைத்த பிறகே மெழுகால் மூடும். முக்கால்பங்கு அறைகளாவது மூடப்படாத அடையைச் சுழற்றினால் கிடைப்பது நீர்த்த தேன். வைத்தால் நுரைத்துப் புளிக்கும். ரப்பர் தேனுக்கு இயல்பிலேயே ஈரம் அதிகம். உணவுப் பாதுகாப்பு விதி 20 சதவீதத்துக்கு மேல் ஈரத்தை ஏற்காது. ஆகவே பெரிய அளவில் விற்பவர்கள் ரிஃப்ராக்டோமீட்டரில் ஒரு துளி வைத்துப் பார்த்து, தேவைப்பட்டால் கொதிநீர்ப் பாத்திரத்துக்குள் தேன் பாத்திரத்தை இறக்கி மிதமாகச் சூடேற்றி வடிகட்டுகிறார்கள். நேரடி நெருப்பு படக் கூடாது. நிறம் கறுத்து மணம் போய்விடும்.

ரப்பர் தேன் சீக்கிரம் உறையும். பாட்டிலின் அடியில் வெள்ளையாகப் படிவதைக் கண்டதும் சர்க்கரை கலந்திருப்பதாக வாங்கியவர் முடிவு கட்டுகிறார். அதில் குளுக்கோஸ் மிகுதி, அதனால் உறைகிறது என்று ஒவ்வொருவருக்கும் விளக்க வேண்டியிருக்கிறது. வெயிலிலோ வெந்நீரிலோ வைத்தால் இளகும். சந்தேகம் வருவதற்குக் காரணமும் உண்டு. வழக்கமான ஆய்வகச் சோதனைகளைத் தாண்டும் விதத்தில் பாகு கலந்த தேன் கடைகளில் விற்பதை 2020 டிசம்பரில் தில்லியின் அறிவியல் மற்றும் சுற்றுச்சூழல் மையம் வெளிப்படுத்தியது. கலப்படத்தின் சுமை கடைசியில் விழுவது உண்மையாகத் தேன் எடுப்பவர் தலையில். மொத்த வியாபாரி கொடுக்கும் விலை அந்த மலிவான பாகோடு போட்டியிடும் விலை. டின் கணக்கில் வியாபாரிக்குப் போடுவதைவிட, பாதியையாவது பாட்டிலில் அடைத்துத் தெரிந்த குடும்பங்களுக்கு நேரடியாக விற்பவர் நன்றாகவே வாழ முடிகிறது. தேனீக்காரர்களின் கூட்டுறவுச் சங்கம் இருப்பதால் மீதியைத் தள்ளிவிட ஓர் இடம் உண்டு. 2020-இல் ஒன்றிய அரசு 500 கோடி ரூபாயில் அறிவித்த தேசியத் தேனீ வளர்ப்பு மற்றும் தேன் இயக்கம் பயிற்சி, சோதனைக்கூடம், பதப்படுத்தும் வசதி ஆகியவற்றுக்கு உதவுவதற்கானது. ஆனால் பிப்ரவரியில் தளிரின்மேல் சாம்பல்நோய் விழுந்து இலை கொட்டிப்போன ஆண்டுக்கு, மழை சுரப்பியைக் கழுவிய ஆண்டுக்கு, தேனீக்காரருக்குத் தனியாக ஓர் ஈட்டுறுதி வேண்டும். ரப்பர் விலை சரிந்து மரத்தை வெட்டி வேறு பயிருக்குப் போகும் தோட்டக்காரரின் முடிவும் தேனீக்காரரின் பெட்டியைத்தான் முதலில் தொடுகிறது.

ஏப்ரல் முடிவில் இலை முற்றிக் கரும்பச்சையாகிறது. கடைசிச் சுற்றுத் தேனை முழுவதும் எடுத்துவிடாமல் மழைக்காலத்துக்கென விட்டுவைப்பவருக்கு ஜூனில் சர்க்கரைச் செலவு குறையும். மே மாதம் பெட்டிகள் தென்னந்தோப்புகளுக்குத் திரும்புகின்றன. தேன் அறைகள் கழற்றப்பட்டு, அடைகள் மெழுகுப் பூச்சி படாதபடி காற்றுப்புகாமல் கட்டி வைக்கப்படுகின்றன. மழையைத் தாங்காது என்று தெரிந்த பலவீனமான கூட்டங்கள் இரண்டிரண்டாக இணைக்கப்படுகின்றன. பலம் குன்றிய ராணியை நீக்கிவிட்டு, ஒரு பெட்டியின்மேல் குண்டூசியால் துளையிட்ட செய்தித்தாளை விரித்து, அதன்மேல் மற்றதை ஏற்றி வைக்கிறார்கள். உடனே சேர்த்தால் வாசனை வேறுபாட்டால் கொன்றுகொள்ளும். இரு பக்கமும் தாளைக் கடித்துக் கடித்து, ஒன்றின் வாசனை மற்றதில் கலந்து, ஓரிரு நாளில் வழி திறக்கும். மறுநாள் காலையில் பொடிப்பொடியான காகிதத் துணுக்குகள் வாசற்பலகையில் கிடந்தால், கூட்டங்கள் கலக்கத் தொடங்கிவிட்டன என்று கொள்ளலாம்.