குட்டைக் குழல்

எங்கள் அனுப்பர்பாளையத்தில் துப்பாக்கி செய்வதில்லை. அண்டா, குடம், பொங்கல் பானை, இவைதான். இருந்தாலும் துப்பாக்கிக்கும் பித்தளைக்கும் நெருங்கிய சொந்தம் உண்டு. தோட்டாவின் கூடு பித்தளை. நூற்றுக்கு 70 பங்கு செம்பு, 30 பங்கு துத்தநாகம். இந்தக் கலவைக்கு உலோக சாஸ்திரத்தில் பெயரே 'கார்ட்ரிட்ஜ் பித்தளை'. இழுத்த இழுப்புக்கு விரிசல் விடாமல் வரும்.

இதையெல்லாம் நான் தேடிப் படித்ததற்குக் காரணம் எதிர்வீட்டுப் பையன். துணை ராணுவத்தில் இருக்கிறான். பொங்கல் லீவில் வந்தவனிடம், டி.வி.யில் ஏதோ அணிவகுப்பைப் பார்த்துக்கொண்டே, "இன்சாஸ் நல்ல துப்பாக்கிதானே?" என்று கேட்டுவைத்தேன்.

"நல்லதுதானுங்க மாமா. ஆனா அதைத் தூக்கிட்டு ஜிப்ஸிக்குள்ள நாலு தடவை ஏறி இறங்கிப் பாருங்க, தெரியும்" என்றான்.

இன்சாஸ் மூன்றடிக்குச் சற்று மேல் நீளம். அதில் குழல், அதாவது பேரல், மட்டும் 464 மில்லிமீட்டர். கதவு, படிக்கட்டு, ஜன்னல் கம்பி எல்லாவற்றிலும் இடிக்கும். கொஞ்சம் குட்டையாகச் செய்துவிட்டுப் போகவேண்டியதுதானே என்று உங்களுக்கும் தோன்றும். எனக்கும் தோன்றியது. இந்தக் 'கொஞ்சம்' எவ்வளவு என்பதில்தான் உலக ராணுவங்கள் நூறு வருஷத்துக்கும் மேலாக மண்டையைப் பிய்த்துக்கொண்டிருக்கின்றன.

குழல் எதற்கு நீளமாக இருக்கிறது? அழகுக்கு அல்ல. மருந்து எரிந்து உண்டாகும் வாயு, குண்டு குழலுக்குள் இருக்கும்வரைதான் அதைப் பிடித்துத் தள்ள முடியும். நீளம் தாண்டும் பையன் ஓடிவருகிற தூரம் மாதிரி. பாதியில் தாண்டச் சொன்னால் பாதி வேகத்தில்தான் தாண்டுவான்.

அமெரிக்கர்களின் எம்-16 குடும்பத்தை எடுத்துக்கொள்ளுங்கள். 20 அங்குலக் குழலில் அந்த 5.56 குண்டு நொடிக்குச் சுமார் 940 மீட்டர் வேகத்தில் கிளம்பும். 14.5 அங்குல எம்-4இல் சுமார் 880. 10.3 அங்குலத்துக்கு வெட்டினால் 780 பக்கம். வேகத்தில் போனது ஆறில் ஒரு பங்குதானே என்று நினைக்காதீர்கள். ஸ்கூலில் படித்த அரை எம்வி ஸ்கொயரை நினைவுபடுத்திக்கொண்டால், சக்தியில் ஏறக்குறைய பத்தில் மூன்று பங்கு போய்விட்டது தெரியும். எரிந்து முடிக்காத மருந்து வீணாகப் போவதில்லை. குழல்வாயில் வந்து பெரிய தீச்சுவாலையாகவும் சத்தமாகவும் வெடிக்கும்.

வியட்நாம் போரின்போது இதைப் பட்டுத் தெரிந்துகொண்டார்கள். காட்டுக்குள் சுலபமாகத் தூக்கிப்போக எக்ஸ்எம்-177 என்று 10 அங்குலக் குழலோடு ஒன்று செய்தார்கள். சுட்டவனுக்கே கண் கூசியது, காது அடைத்தது. 1967இல் வந்த அடுத்த மாடலில் குழலை ஒன்றரை அங்குலம் நீட்டி 11.5 ஆக்கினார்கள். ஒன்றரை அங்குலம் என்பது நம் கட்டைவிரல் நீளம்கூட இல்லை!

இன்னொரு சிக்கலும் உண்டு. இந்தவகைத் துப்பாக்கிகள் குழலில் ஒரு சின்ன ஓட்டை வழியாகக் கொஞ்சம் வாயுவைத் திருடி, அதைக்கொண்டே அடுத்த தோட்டாவை ஏற்றிக்கொள்கின்றன. குழலைக் குறைத்தால் ஓட்டையும் பின்னால் வரவேண்டும். அங்கே அழுத்தம் அதிகம். குண்டு ஓட்டையைத் தாண்டி வெளியே போகிற நேரமோ குறைவு. இந்தக் கணக்கு தப்பினால் துப்பாக்கி நடுவில் மக்கர் செய்யும். எதிரே ஆள் நிற்கும்போது மக்கர் செய்தால் என்ன ஆகும் என்று நான் சொல்லவேண்டியதில்லை.

அமெரிக்காவில் இது ஷாப்பிங் சமாச்சாரமாகவே ஆகிவிட்டது. ஏஆர்-15 வகைத் துப்பாக்கி இரண்டு பாதியாகக் கழன்றுவரும். கீழ்ப்பாதியில் விசையும் தோட்டாப் பெட்டியும். மேல்பாதிக்குப் பெயர் 'அப்பர் ரிசீவர்' (தேவாரம் பாடியவர் அல்ல). குழல் அதில்தான் இருக்கும். இரண்டு பின்களை நகர்த்தினால் நீளக் குழல் அப்பரைக் கழற்றிவிட்டுக் குட்டையை மாட்டலாம். நாம் மிக்ஸியில் சட்னி ஜாரை மாற்றுகிற மாதிரி. ஆனால் 16 அங்குலத்துக்குக் கீழே போனால் அரசாங்கத்தில் பதிவு செய்தாகவேண்டும். 1934ஆம் ஆண்டுச் சட்டம். 200 டாலர் வரியும் இருந்தது. 2026 ஜனவரியிலிருந்து வரி பூஜ்யம். பதிவு மட்டும் தொடர்கிறது.

நம் ஊரில் அந்த வம்பே இல்லை. 1959ஆம் ஆண்டு ஆயுதச் சட்டத்தின் 6ஆம் பிரிவு, லைசென்ஸ் இல்லாமல் எந்தத் துப்பாக்கியின் குழலையும் குறைக்கக்கூடாது என்கிறது. 2019இல் வந்த திருத்தத்துக்குப் பிறகு குறைந்தது 7 வருஷம், அதிகபட்சம் ஆயுள். தோட்டத்தில் பன்றி விரட்ட லைசென்ஸ் துப்பாக்கி வைத்திருக்கும் கவுண்டர், தேர்தல் வந்தால் அதை ஸ்டேஷனில் கொண்டுபோய் ஒப்படைக்கிறவர், ரம்பத்தைத் தொட்டால் உள்ளே போகவேண்டியதுதான். சட்டத்தின் பயம் நியாயமானது. ஜீப்புக்குள் வசதியாக இருக்கும் அதே குட்டை, சட்டைக்குள்ளும் வசதியாக இருக்கும்.

ஆகவே இங்கே குழலின் நீளத்தைத் தேர்ந்தெடுப்பது அரசாங்கம் ஒன்றுதான். அந்தத் தேர்வு நடந்த அழகையும் கேளுங்கள். ராணுவத்தின் பழைய 9 மில்லிமீட்டர் கார்பைனுக்கு மாற்றாக, நெருங்கிய சண்டைக்கென்று 93,895 குட்டைத் துப்பாக்கிகள் வாங்க, 2018இல் ஐக்கிய அரபு எமிரேட்ஸின் காரகால் நிறுவனத்தைத் தேர்ந்தெடுத்தார்கள். அந்த சிஏஆர்-816ம் ஏஆர்-15இன் சித்தப்பா பையன்தான். 2020இல் அது கைவிடப்பட்டது. கடைசியில் 2025 டிசம்பரில்தான் பாரத் ஃபோர்ஜ், பிஎல்ஆர் சிஸ்டம்ஸ் என்ற இரண்டு இந்திய நிறுவனங்களோடு 4.25 லட்சம் கார்பைன்களுக்கு ஒப்பந்தம் கையெழுத்தானது. நடுவில் போன வருஷங்களில் நம் பையன்கள் இருப்பதை வைத்துக்கொண்டுதான் கதவுகளை உதைத்துத் திறந்தார்கள்.

குட்டையாக்கினால் எல்லாம் கெட்டுவிடும் என்று நான் சொல்லவரவில்லை. போயர் போர் முடிந்த கையோடு வெள்ளைக்காரன் தன் காலாட்படைத் துப்பாக்கியை 30 அங்குலத்திலிருந்து 25க்குக் குறைத்தான். குதிரைக்காரனுக்கு ஒன்று, நடப்பவனுக்கு ஒன்று என்று இல்லாமல் இருவருக்கும் ஒன்றே. 'கெடுத்துவிட்டார்கள்' என்று அன்றைக்கு நிபுணர்கள் திட்டித் தீர்த்தார்கள். அந்தத் துப்பாக்கிதான் இரண்டு உலகப் போர்களைப் பார்த்து, நம் போலீஸ் ஸ்டேஷன்களில் பல தலைமுறை நின்ற பாயின்ட் 303. நீங்கள் என்.சி.சி.யில் தோள் வலிக்கத் தூக்கி நடந்தது அதுவாக இருந்தால், அதன் பெயரிலேயே 'ஷார்ட்' இருந்தது உங்களுக்கு வேடிக்கையாக இருக்கும்.

அது ஜெயித்ததற்குக் காரணம், யார் தூக்கப்போகிறான், எங்கே நின்று சுடப்போகிறான் என்று முதலில் கேட்டுவிட்டு அப்புறம் குறைத்ததுதான். மலையில் 400 மீட்டர் தள்ளி இருப்பவனைச் சுட நீளம் வேண்டும். வீட்டுக்குள் நுழைகிறவனுக்குக் குட்டை வேண்டும். இரண்டையும் ஒரே ஆள் ஒரே நாளில் செய்யவேண்டியிருந்தால் நடுவில் எங்கோ நிற்கவேண்டும். திருச்சி துப்பாக்கித் தொழிற்சாலையில் டிஏஆர் என்ற ரைஃபிளும், அதைக் குறுக்கி 'ட்ரிகா' என்ற கார்பைனும் தனித்தனியாகச் செய்ததன் தாத்பர்யம் இதுதான்.

பையனிடம் இந்தக் கணக்கையெல்லாம் ஒப்பித்தேன். பொறுமையாகக் கேட்டான்.

"அதெல்லாம் சரிங்க மாமா. ரூமுக்குள்ள ஒரு தடவை சுட்டா மூணு நாள் காதுல கொய்யுனு கேட்டுட்டே இருக்கும். குட்டையாக்குனா இன்னும் ஜாஸ்தி. அதை எவனும் கேக்கறதில்லீங்க. எங்களக் கேட்டா சொல்லுவோமே" என்றான்.

அடுத்த தடவை பேப்பரில் 'ராணுவத்துக்குப் புதிய துப்பாக்கி' என்று செய்தி வந்தால், எத்தனை கோடி என்று மட்டும் பார்த்துவிட்டு சினிமாப் பக்கத்துக்குப் போய்விடாதீர்கள். குழல் எத்தனை அங்குலம் என்று போட்டிருக்கிறதா, தேடுங்கள். அதைச் சுமக்கப்போகிறவன் கையில் கொடுத்துப் பார்த்தார்களா என்பதையும் தேடுங்கள்.