அளவா, தன்மையா?

நம் உடலில் மூளையைப் போலப் பசி பொறுக்காத உறுப்பு வேறில்லை. சில நிமிடங்கள் குருதி எட்டாவிட்டாலும் அதன் அணுக்கள் மாளத் தொடங்கும். அக்குருதியின் பெரும்பகுதியைச் சுமந்து செல்பவை கழுத்தின் இருபுறமும் ஓடும் இரு தமனிகள். அவற்றின் உட்சுவரில் கொழுப்புப் படிந்து, அப்படிவு உடைந்து, ஒரு துணுக்கு மேலே போய்ச் சிக்கிக்கொள்ளுமாயின் பக்கவாதம் வரும்.

சென்ற ஆண்டு, அல்சூரில் வாழும் என் தாய்மாமனுக்கு வலக்கண் திடீரென இருண்டது. திரை இறங்கியது போல் இருந்ததாம். சில நிமிடங்களில் விலகிவிட்டது. "வெயிலில் நடந்தேன், அதுதான்" என்றார் மாமா. அத்தை விடவில்லை. கண் மருத்துவரோ, "கழுத்தைக் காட்டுங்கள்" என்று வேறிடத்திற்கு அனுப்பினார். கண்ணுக்குக் குருதி தருவதும் அதே தமனியின் கிளைதான் என்பதை அன்றுதான் அறிந்தேன்.

கேளா ஒலியால் ஆராயும் டாப்ளர் சோதனையில், வலத் தமனி பாதிக்குச் சற்று மேல் குறுகியிருந்தது. 'பாதி வழி திறந்திருக்கிறதே!' என்று நாங்கள் ஆறுதல் கொண்டோம். மருத்துவர் கொள்ளவில்லை. "எவ்வளவு அடைத்திருக்கிறது என்பது ஒரு கேள்வி, எது அடைத்திருக்கிறது என்பது வேறு கேள்வி" என்று கன்னடத்தில் சொன்னார்.

அவர் கூறியதன் பொருள் ஆழமானது. வட அமெரிக்க மருத்துவர்கள் நடத்திய பேராய்வொன்றின் முடிவு 1998-இல் வெளிவந்தது. முன்னறிகுறி கண்டு, 50 முதல் 69 விழுக்காடு வரை குறுக்கம் உடையவர்களுள், மருந்து மட்டும் உண்டவர்களில் நூற்றுக்கு 22 பேருக்கு ஐந்தாண்டுக்குள் அப்பக்கத்தில் பக்கவாதம் வந்தது. அறுவை செய்துகொண்டவர்களில் ஏறத்தாழ 16 பேருக்கு வந்தது. நூறு பேரைக் கீறினால் ஆறு பேருக்கு நன்மை. அந்த ஆறு பேர் யார்? குறுக்கத்தின் அளவு மட்டும் இதற்கு விடை கூறாது.

படிவின் தன்மையே கூற வேண்டும். சுண்ணாம்பேறிக் கெட்டிப்பட்ட படிவு பெரும்பாலும் அடங்கிக் கிடக்கும். உள்ளே குழைந்த கொழுப்பும் மேலே மெல்லிய தோலும் உடையதே எளிதில் உடையும். கேளா ஒலிப் படத்தில் அத்தகைய படிவு கருமையாகத் தோன்றும். சி.டி. படம் சுண்ணாம்பைத் தெளிவாகக் காட்டும். படிவுக்குள் குருதி கசிந்திருந்தால், எம்.ஆர்.ஐ. படங்களுள் ஒரு வகையில் அவ்விடம் வெண்மையாக ஒளிரும்.

இயற்பியல் மாணவனாகிய எனக்கு இதில் ஒரு பெருமிதமும் உண்டு. பல கோணங்களில் எடுத்த ஊடுகதிர் நிழல்களிலிருந்து உள்ளுருவைக் கணித்துத் தருவதே சி.டி. அதற்குப் பெரிதும் பயன்பட்ட கணக்கு முறையொன்றை 1971-இல் வெளியிட்டவர்கள் ஜி. என். இராமச்சந்திரனும் ஏ. வி. இலட்சுமிநாராயணனும். இதே பெங்களூரில், இந்திய அறிவியல் கழகத்தில், மூலக்கூற்று உயிரியற்பியல் துறையைத் தோற்றுவித்தவர் அந்த இராமச்சந்திரன்.

மாமாவின் எம்.ஆர்.ஐ. படத்தில் அந்த வெண்மை இருந்தது. "கழுத்திலேயா கத்தி வைப்பது?" என்று அத்தை கலங்கினார். அந்த அச்சம் பொய்யன்று. அறுவையே சிலருக்குப் பக்கவாதத்தைக் கொணர்வதும் உண்டு என்பதை மருத்துவர் மறைக்கவில்லை. மாமா படத்தை நெடுநேரம் பார்த்திருந்தார். "உள்ளே இருப்பது தெரிந்த பிறகு தெரியாதவன் மாதிரி இருக்க முடியாதப்பா" என்றார். கண் இருண்ட பன்னிரண்டாம் நாள் அறுவை நடந்தது. இன்று நலமாக இருக்கிறார், மாத்திரைகள் தொடர்கின்றன, பீடி ஒழிந்தது.

படம் சோதிடமன்று. இன்னாருக்கு இன்ன நாளில் வரும் என்று அது சொல்லாது. இடரின் எடையை நிறுத்துக் காட்டும். முடிவு செய்ய வேண்டியவர் மனிதரே.

நண்பர்களே! நம்மில் பலர் பெற்றோரை ஊரில் விட்டுவிட்டு இங்கே விடுதியில் இருப்பவர்கள். தொலைபேசியில் பேசும்போது, "கண் கொஞ்சம் மங்கிச்சு, சரியாயிடுச்சு" என்றோ, "கை மரத்துப் போச்சு", "பேச்சுக் குழறிச்சு" என்றோ அவர்கள் சொன்னால், "சரியாகிவிட்டதே" என்று விட்டுவிடாதீர்கள். அன்றே மருத்துவமனைக்குப் போகச் சொல்லுங்கள். வந்து மறைந்த அந்தச் சில நிமிடங்கள் ஓர் எச்சரிக்கை. அது மறுமுறை வந்தால் மறையாமலே தங்கிவிடவும் கூடும்.