நின்றவர் மட்டும் பதிந்த வீதி

பாரிஸ் மாநகரில் ரெபுப்ளிக் சதுக்கத்தைப் போலக் கால்கள் ஓயாத இடங்கள் சிலவே. நிலத்தடியில் 5 இரயில் பாதைகள் அங்கே கூடுகின்றன. மேலே மக்கள் வெள்ளம். நாம் அங்குச் சென்றதோ, மக்களே இல்லாத ஒரு பழைய படத்தின் பொருட்டு.

சதுக்கத்தின் ஓரத்தில், இன்று காவற்படையினரின் பெருங்கட்டடம் நிற்குமிடத்தில், லூயி தாகேர் என்பார் நடத்திய காட்சிக்கூடம் முன்பு இருந்தது. 1838-இல் அதன் பின்னிருந்த தம் இல்லத்துச் சன்னலிலிருந்து, தாம்ப்ள் நெடுஞ்சாலையை வெள்ளி பூசிய செப்புத் தகட்டில் அவர் பதித்தார். நாடகக் கொட்டகைகள் நிறைந்து, வண்டிகளும் மனிதரும் நெருங்கிச் சென்ற சாலை அது. தகட்டில் ஒளி படியப் பல நிமிடங்கள் தேவைப்பட்டமையால், நடந்தவர் எவரும் பதியவில்லை. ஓர் ஓரத்தில் காலணிக்கு மெருகிட நின்ற ஒருவர் மட்டும் தெரிகிறார். மெருகிட்டவரோ குனிந்த நிழலாகவே இருக்கிறார். தந்தியால் புகழ்பெற்ற சாமுவேல் மோர்ஸ் 1839 மார்ச்சில் இப்படத்தைக் கண்டு வியந்து, தம் உடன்பிறந்தாருக்கு எழுதினார். அந்த மனிதரின் கால்கள் தெளிவாயிருப்பதையும், அசைந்த தலையும் உடலும் பதியாமற் போனதையும் அவர் கூர்ந்து நோக்கியிருந்தார். அந்தச் சாலையின் கொட்டகைகளிற் பெரும்பாலானவை 1862-இல் இடிக்கப்பட்டுவிட்டன.

அதே விந்தையை நம் காமிராவிலும் காண விழைந்தோம். மேகம் மூடிய மாலை, 100 வேகமுள்ள கறுப்பு வெள்ளைப் பிலிம், அசையாத முக்காலி. வினாடியில் 125-இல் ஒரு பங்கு ஷட்டர் திறந்தபோது, நடந்தவர் யாவரும் சிலைகளாயினர். 15-இல் ஒரு பங்கில் உடல்கள் ஓரளவு நிற்க, பாதங்கள் மட்டும் கரைந்தன. ஒளித்துளையை 16-ஆம் எண்ணுக்குச் சுருக்கி, கருங்கண்ணாடியும் பொருத்தி ஒரு வினாடி திறந்தோம், மனிதர் புகையாயினர். வண்ணப்படமாயின் ஒரு சிவப்புச் சட்டையின் கீற்றே கண்ணை இழுத்துக் காட்சியைக் கெடுத்திருக்கும். கறுப்பு வெள்ளையிலோ எல்லாரும் ஒரே சாம்பல் நிற ஓடையாகிவிடுகின்றனர். இறுதியில், இன்னும் இருண்ட கண்ணாடியிட்டு 30 வினாடி என்று கணக்கிட்டோம். நெடுநேரம் திறந்தால் பிலிமின் உணர்திறன் சோர்ந்துவிடுமாதலால், ஒரு நிமிடத்துக்கும் மேலாகவே கொடுத்தோம்.

தெருவில் படமெடுப்போருக்கு எப்போதும் ஓர் உறுத்தல் உண்டு: கேளாமல் பிறர் முகத்தை எடுத்துக்கொள்ளலாமா? மெதுவான ஷட்டர் அதைத் தீர்த்துவிடுகிறது, அதில் எவர் முகமும் அடையாளம் தெரியாது என்று நாம் நண்பர்களிடம் பெருமையாகச் சொல்லியும் வந்தோம்.

அன்றிரவு தங்கியிருந்த இல்லத்தின் குளியலறையில் பிலிமைக் கழுவி விளக்கருகே பிடித்தோம். சதுக்கம் வெறுமையாயிருந்தது. ஆனால் 1883-இல் திறக்கப்பட்ட குடியரசுச் சிலையின் பீடத்தருகே, கம்பளி போர்த்திய முதியவர் ஒருவர் அமர்ந்திருந்தார். சுருக்கங்கள் தெரியுமளவு தெளிந்த முகம்! கடிகாரத்தையே நோக்கியிருந்த நாம் அவரைப் பார்க்கவேயில்லை. விரைந்து வீடு செல்வோரின் முகங்களையெல்லாம் மறைத்துவிட்ட காமிரா, செல்ல இடமின்றி அமர்ந்திருந்தவரின் முகத்தைத்தான் முழுமையாகப் பறித்து வந்திருந்தது. பீடத்தைச் சுற்றி அமைந்த மூன்று உருவங்களுள் ஒன்று சகோதரத்துவத்தைக் குறிப்பது என்பதும் அப்போது நினைவுக்கு வந்து நம்மை வருத்தியது.

மறுநாள் சென்றோம். அவர் அங்கேயே இருந்தார். நமக்குத் தெரிந்த அரைகுறைப் பிரெஞ்சில் செய்தியைச் சொல்லி, பிலிமை வானத்தை நோக்கிப் பிடித்துக் காட்டினோம். நெடுநேரம் பார்த்தார். பின் சதுக்கத்தைச் சுட்டி, மற்றவர்கள் எல்லாம் எங்கே என்று கேட்டார். நடந்துகொண்டிருந்தனர், ஆதலால் பதியவில்லை என்றோம். சிரித்தார். படத்தை அச்சிடலாமா என்றோம். சிரிப்பு நின்றது, வேண்டாம் என்று கையசைத்தார்.

இக்கட்டுரையுடன் படம் இல்லாமைக்குக் காரணம் அதுவே.