எந்தப் பிள்ளைக்கு எந்தப் புத்தகம்?

"சேர், நல்ல புத்தகம் ஒண்டு தாங்க" என்று நூலகத்தில் வந்து நிற்கும் பிள்ளைக்கு நான் உடனே அலுமாரியைத் திறப்பதில்லை. வீட்டிலோ வகுப்பிலோ யாரோ சொல்லி அனுப்பிய வாசகம் அது. கொஞ்சம் பேச்சுக் கொடுக்க வேண்டும். பின்னேரத்தில் என்ன செய்வாய், கடைசியாக என்ன படம் பார்த்தாய், வீட்டில் ஆடு மாடு இருக்கிறதா, ஆரோடு கோபம்? களுவாஞ்சிக்குடிச் சந்தைக்குப் பக்கத்தில் இருக்கும் பிள்ளையும், பட்டிருப்புப் பாலம் தாண்டிப் படுவான்கரையிலிருந்து தகப்பனின் மோட்டார் சைக்கிளில் வரும் பிள்ளையும் ஒரே தரத்தில் படித்தாலும் அவர்களுக்கு ஒரே புத்தகம் பொருந்தாது. ஒருத்திக்கு யானை, படத்தில் வரும் மிருகம். மற்றவளுக்கு அது போன கிழமை வயலுக்குள் இறங்கியது.

பேசி முடித்ததும் இரண்டு மூன்று புத்தகங்களை மேசையில் வைப்பேன். ஒன்று மெல்லியதாக இருக்கும், ஒன்று படம் நிறைந்ததாக. "பிடிக்காட்டி பத்துப் பக்கத்தோட கொண்டு வந்து தா மனே, ஏனெண்டு கேக்க மாட்டன்" என்று சொல்லித்தான் திகதி அடித்துக் கொடுப்பேன். பாடப் புத்தகத்தை மூடிவைக்கும் உரிமை எந்தப் பிள்ளைக்கும் இல்லை. அந்த உரிமையை நூலகமாவது கொடுக்க வேண்டும். ஒரு வேடிக்கை: காரணம் கேட்க மாட்டேன் என்றால்தான் காரணம் வரும். "எழுத்துச் சின்னன் சேர்", "அந்த அண்ணன் எல்லாத்திலயும் வெல்லுறான்", "கடைசியில புத்தி சொல்லுறாங்க". இந்த மூன்றாவது முறைப்பாட்டில் எனக்கு முழு உடன்பாடு. ஒவ்வொரு கதையின் அடியிலும் 'நீதி' என்று கட்டம் போட்டு அச்சடித்த புத்தகங்களை மேல் தட்டில் வைத்திருக்கிறேன். கேட்டால் ஏணி வைத்து எடுத்துக் கொடுப்பேன். இதுவரை பெற்றோர்தான் கேட்டிருக்கிறார்கள்.

நான் அடிக்கடி கொடுக்கும் புத்தகம் ஒன்றைச் சொல்கிறேன். மார்ட்டின் விக்கிரமசிங்க 1947 இல் சிங்களத்தில் எழுதிய 'மடோல் தூவ'. தமிழிலும் வந்திருக்கிறது. தெற்கே கொக்கல வாவிதான் களம். உபாலி என்ற குழப்படிக்காரப் பொடியனும் அவன் கூட்டாளி ஜின்னாவும் வீட்டை விட்டு ஓடி, கடைசியில் வாவிக்குள் காடு பற்றிக் கிடக்கும் தீவொன்றில் தோட்டம் செய்யத் தொடங்குகிறார்கள். குறுமண்வெளித் துறையில் மிதவைப் பாதை ஏறி மண்டூருக்குப் போய்வந்த பிள்ளைக்கு வாவி எப்படி இருக்கும், கண்ணாக் காடு எப்படி இருக்கும் என்று யாரும் விளக்கத் தேவையில்லை. ஆனால் புத்தகத்தைக் கையில் கொடுக்கும்போது ஆசிரியரின் பெருமையைத் தொடங்கினால் காரியம் கெட்டது. நான் சொல்வது இவ்வளவுதான்: "ரெண்டு பொடியன்மார் ஊரை விட்டு ஓடிப் போறாங்கள். பேய் இருக்கெண்டு சனம் பயப்படுற ஒரு தீவில போய் இருக்கிறாங்கள். மிச்சத்த நீ வந்து சொல்லு."

தரம் எட்டுப் பொடியன் ஒருவன் அதை வாசித்துவிட்டு வந்து கேட்டது பேயைப் பற்றி இல்லை. "உப்புத் தண்ணி சுத்தி வர நிக்கிற இடத்தில மரக்கறி வருமா சேர்?" வீட்டில் கத்தரித் தோட்டம் வைத்திருப்பவர்களின் பிள்ளை வேறு எதைக் கேட்கும்? அவனுக்கு அடுத்ததாக நான் கதை கொடுக்கவில்லை. விவசாயத் திணைக்களத்தின் மரக்கறிச் செய்கைப் பிரசுரத்தைத் தேடி எடுத்துக் கொடுத்தேன். நாவலுக்குப் பின்னால் நாவல்தான் வர வேண்டும் என்று எங்கேயும் சட்டம் இல்லை. திருப்பிக் கொண்டுவரும்போது பிள்ளை கேட்கும் கேள்வியில்தான் அடுத்த புத்தகத்தின் பெயர் இருக்கிறது. அதனால் புத்தகம் திரும்பும் நேரத்தில் நான் கணக்கு வேலை வைத்துக்கொள்வதில்லை.

சின்னப் பிள்ளைகளிடம் சிபாரிசு என்ற பேச்சே கிடையாது, வாசித்துக் காட்டுவதுதான். சிபில் வெத்தசிங்க எழுதி, படமும் தானே வரைந்த 'குட ஹொரா' என்ற குடைத் திருடன் கதை ஒன்று போதும். குடையே காணாத கிராமத்துக்கு ஒருவர் பட்டணத்திலிருந்து குடை வாங்கி வருகிறார். கோப்பி குடிக்கக் கடையில் ஒதுங்கி வெளியே வந்தால் குடையைக் காணவில்லை. மறுபடி வாங்குகிறார், மறுபடியும் காணவில்லை. அந்த இடத்தில் பக்கத்தைத் திருப்பாமல் "ஆரு களவெடுத்தது?" என்று கேட்டுவிட்டுச் சும்மா இருக்க வேண்டும். பாய் முழுக்கச் சத்தம்தான். கதை முடிந்ததும் அந்தப் புத்தகத்துக்கு அடிபிடி நடக்கும். இது மட்டக்களப்பாருக்குப் புதிய வித்தையும் இல்லை. 2022 இல் காலமான மாஸ்டர் சிவலிங்கம் குரலாலும் முகத்தாலும் கதை சொல்லியே ஒரு தலைமுறைப் பிள்ளைகளைக் கட்டி வைத்திருந்தவர். காது பழகாமல் கண் வாசிப்புக்குப் பழகாது என்பது என் துணிபு.

தரம் பத்து, பதினொன்றில் இருக்கும் பெண் பிள்ளைகள் அம்மாவின் அட்டையில் ரமணிசந்திரன் நாவல்களை எடுத்துப் போவார்கள். டீச்சர்மார் சிலருக்கு அதில் கோபம். எனக்கு இல்லை. அத்தனை பக்கங்களை இரண்டு இரவில் முடிக்கிற பிள்ளைக்கு வாசிக்கத் தெரிந்துவிட்டது. பக்கத்தில் செங்கை ஆழியானின் 'வாடைக்காற்று' நாவலையும் வைத்து அனுப்புவேன். நெடுந்தீவு, மீன்பிடிக்க வந்த வாடிக்காரர், காதல். வாசித்துப் பார்க்கட்டும். பிடிக்காமல் திரும்பி வந்ததும் உண்டு. வரட்டுமே.

கஷ்டம் பெரியவர்களோடுதான். புலமைப்பரிசில் பரீட்சை கிட்ட வந்தால் சிறுவர் பகுதியில் கதைப் புத்தகம் தூசி பிடிக்கும், கடந்தகால வினாத்தாள் கிழியும். "இதை வாசிச்சா எத்தினை புள்ளி கூடும்?" என்று கேட்ட தகப்பனுக்கு, வினாத்தாளில் வரும் தமிழ் வாசிப்புப் பந்தியைக் காட்டி, கதை வாசிக்கிற பிள்ளை இதை இரண்டாம் தரம் வாசிக்காது என்றேன். உண்மையில் அது எனக்குப் பிடித்த நியாயம் இல்லை. ஆனால் புத்தகம் வீட்டுக்குப் போனது.

புத்தகம் கிடைப்பதும் லேசில்லை. இங்கே ஒரு சிறுவர் நூல் வந்தால் சில நூறு பிரதிதான் அச்சாகும், கவனிக்காவிட்டால் பிறகு கிடைக்காது. 2022 நெருக்கடியில் மேல் மாகாணப் பாடசாலைப் பரீட்சைகளே தாள் இல்லாமல் பிற்போடப்பட்ட நாடு இது. ரூபாய் விழுந்த பிறகு இந்தியப் புத்தகத்தின் விலையைக் கேட்டாலே கையை எடுக்க வேண்டியிருக்கிறது. கடையில் இல்லாத நம்மவர் நூல்கள் பலதை 'நூலகம்' என்ற நிறுவனத்தின் இணையத்தளத்தில் இலவசமாக வாசிக்கலாம். போனைப் பிள்ளையிடம் கொடுத்துவிட்டு ஏசும் பெற்றோருக்கு அதைத் திறந்து காட்டுகிறேன்.

கடைசியாக, பரிசளிப்பு விழாவுக்கு நூல் வாங்கும் அதிபர்மாரிடமும் வெளிநாட்டிலிருந்து பெட்டி அனுப்பும் உறவுகளிடமும் ஒரு வேண்டுகோள். அகராதி, பொது அறிவு, பெரியார் வரலாறு என்று ஒரே நூலை மொத்தமாக வாங்கி எல்லாப் பிள்ளைக்கும் கொடுக்காதீர்கள். அவற்றைப் பாடசாலை நூலகத்துக்கு வாங்குங்கள். பரிசு பெறும் பிள்ளைகளை ஒரு கிழமைக்கு முன்பே புத்தகக் கடைக்குக் கூட்டிப் போய், விலை வரம்பை மட்டும் சொல்லி, தாங்களே தெரிந்தெடுக்க விடுங்கள். பேய்க் கதையை எடுத்தாலும் அதற்கே கடதாசி சுற்றி, மேடையில் வைத்துக் கொடுங்கள்.