தண்டவாளம் இல்லாத ரயில்பாதை



ஸகாத் பெறும் எட்டுக் கூட்டத்தாரைப் படிப்பிக்கும்போது, அடிமை விடுதலை என்ற இடம் வந்தால் பிள்ளைகள் கேள்வி கேட்காமல் விடுவதில்லை. "தப்பி ஓடின அடிமைகள யாரு சேர் ஒளிச்சி வெச்ச?" என்று இம்முறை ஒரு பிள்ளை கேட்டது. நாங்கள் சில ஆசிரியர்கள் சேர்ந்து புத்தகம் தேடினோம். தமிழில் எங்கள் கைக்கு ஒன்றும் அகப்படவில்லை.

ஆங்கிலத்தில் அகப்பட்டது வில்லியம் ஸ்டில் என்ற கறுப்பினத்தவரின் நூல். 1872இல் வெளிவந்தது. அமெரிக்காவின் தென்மாநிலங்களில் இருந்து தப்பிய அடிமைகளை வீடு வீடாக ஒளித்து, வடக்குக்கும் கனடாவுக்கும் அனுப்பிய இரகசிய வலைப்பின்னலை 'நிலத்தடி ரயில்பாதை' என்பார்கள். ரயிலும் இல்லை, தண்டவாளமும் இல்லை. 1850ஆம் ஆண்டுச் சட்டப்படி, ஒளித்து வைத்தவருக்கும் சிறையும் தண்டமும். அதனால் அநேகர் எதையும் எழுதி வைக்கவில்லை. பிலடெல்பியாவில் இருந்த ஸ்டில் எழுதினார். வந்தவரின் பெயர், ஊர், விட்டுவந்த உறவுகள் என்று எல்லாம் எழுதி, தாள்களை ஒளித்து வைத்தார். காரணம் இருந்தது. 1850இல் தாயைத் தேடி அவரது அலுவலகத்துக்கு வந்த ஒருவரை விசாரித்துக்கொண்டு போனால், அவர் தன் சொந்தக் காக்கா! குடும்பம் பிரிந்து நாற்பது வருடம்.

எல்லாருக்கும் அப்படி ஒரு கதவு திறக்கவில்லை. இன்றைய செனகல் பக்கத்து ஆலிம் உமர் இப்னு ஸஈத் 1810இல் தனியாகத் தப்பி ஓடிப் பிடிபட்டார். 1831இல் அரபியில் தன் வரலாற்றை எழுதினார், ஸூறதுல் முல்க்கோடு தொடங்கி. அடிமையாகவே மௌத்தானார். அந்தக் கையெழுத்துப் பிரதியை அமெரிக்கக் காங்கிரஸ் நூலகத்தின் இணையத்தளத்தில் யாரும் பார்க்கலாம்.

இதெல்லாம் அமெரிக்காவின் கதை என்று தள்ளிவிட முடியாது. ஒல்லாந்தர் கம்பனியின் அடிமைகளை வைத்திருந்த இடம்தான் கொழும்புக் கொம்பனித்தெரு. அவர்களிடமிருந்து தப்பியவர்கள் கண்டி இராச்சியத்துக்கு ஓடினார்கள். போர்த்துக்கேயர் துரத்திய எங்கள் மூத்தவர்களைச் செனரத் மன்னர் இக்கரையில் குடியேற்றியதும் அதே கண்டியில் இருந்துதான். இலங்கையில் அடிமைமுறை சட்டப்படி ஒழிந்தது 1844இல். இந்நாட்டு அடிமைகள் பற்றிப் பேராசிரியர் நிரா விக்கிரமசிங்க 2020இல் ஒரு நூல் எழுதியிருக்கிறார், அதுவும் ஆங்கிலத்தில்.

ஸ்டில்லின் நூல் இணையத்தில் இலவசம். ஓர் அத்தியாயத்தையாவது பிள்ளைகளுக்காகத் தமிழாக்க விரும்புகிறோம். ஆங்கிலம் நன்றாகத் தெரிந்த உறவுகள் உள்பெட்டிக்கு வாருங்கள்.