கோயில் ஆபீஸ் கம்ப்யூட்டர் மாத்துன கணக்கு



"பழைய கம்ப்யூட்டர் ஓடிக்கிட்டுதானே இருக்கு, எதுக்கு வேற?"ன்னு சில பேர் கேட்டீங்க. உங்க உபயப் பணம், கேட்க உரிமை இருக்கு. விவரமா எழுதுறோம்.

பழசுல இருந்தது விண்டோஸ் 10. அதுக்கு மைக்ரோசாஃப்ட் கொடுத்துவந்த பாதுகாப்பு அப்டேட் 2025 அக்டோபர் 14-ஓட முடிஞ்சது. மெஷின் ஓடும், ஆனா பூட்டு இல்லாத உண்டியல் மாதிரி. விண்டோஸ் 11 போடலாம்னு பார்த்தா, இன்டெல்ல எட்டாம் தலைமுறையாவது வேணும், டி.பி.எம். 2.0-வும் வேணும். நம்மது ஐ5-4570. நாலாம் தலைமுறை.

தோட்டத்துல ரப்பர் போய் செம்பனை வந்தப்ப, லயத்து ஜனங்க ஈப்போ, கிள்ளான், ஜொகூர்னு பிரிஞ்சு போயிட்டாங்க. எந்தக் குடும்பத்துக்கு எந்த நாள் உபயம், பேரு, நட்சத்திரம், போன் நம்பர் எல்லாம் அந்தப் பெட்டியிலதான் இருக்கு. அது அழிஞ்சா திருவிழாவுக்கு யாரைக் கூப்பிடுறது?

நிர்வாகம் ஒதுக்கினது 1,000 வெள்ளி. ஃபேக்டரியில மெஷின் வாங்குறப்ப, விலைக்கு முன்னாடி வேலையை எழுதுவோம். இங்கேயும் அப்படித்தான்: ரசீது, கணக்கு, பெயர்ப் பட்டியல், நோட்டீஸ். இதுக்குப் புது மெஷின் தேவையில்ல.

ஆபீஸ்ல ஓடி, கடையில சரிபண்ணி விக்கிற மெஷின் ஒண்ணு எடுத்தோம். ஐ5-8500, 8 ஜிபி ரேம், 256 ஜிபி எஸ்.எஸ்.டி., ஆறு மாச வாரண்டி, 750 வெள்ளி. பழைய திரை, கீபோர்டு, பிரிண்டர் அப்படியே இருக்கு. மீதியில 190 வெள்ளிக்கு வெளியில மாட்டுற ஹார்ட் டிஸ்க். பாக்கி 60 வெள்ளி பொருளாளர்கிட்ட.

லினக்ஸ் இலவசம், பழசுலயே போடலாம்னு தம்பிமார் சொன்னாங்க. நல்ல யோசனைதான். ஆனா கவுண்டர்ல உட்கார்ற அக்காமாருக்கு எக்செல்தான் கைப்பழக்கம்.

நீங்க வாங்கினாலும் கோடுக்குப் பிறகு வர்ற நம்பரைப் பாருங்க. 8500-னா எட்டாம் தலைமுறை, 10400-னா பத்தாவது. "ஐ7" ஸ்டிக்கரை மட்டும் நம்பாதீங்க. நாலாம் தலைமுறையிலும் ஐ7 உண்டு.

ஒரு வேலை பாக்கி. பழைய பட்டியல் யூனிகோடு வராத காலத்து எழுத்துருவுல அடிச்சது. அந்த எழுத்துரு இல்லாம திறந்தா தமிழ் வராது, கிறுக்கலாத்தான் தெரியும். மாத்துன பிறகு ஒவ்வொரு பேரையும் கண்ணால சரிபார்க்கணும். தமிழ் நல்லா வாசிக்கிற பிள்ளைங்க ஞாயிறு காலை பூசைக்கு அப்புறம் ஆபீஸுக்கு வாங்க. பசியாற நாங்க பார்த்துக்கிறோம்.